வீட்டுத் தோட்டத்தில் எருக்கு: பட்டாம்பூச்சிக்கும் கருவண்டுக்கும் இடம் கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டாம்பூச்சித் தோட்டம் என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது அமெரிக்காவின் மில்க்வீட் செடிதான். அங்கே மோனார்க் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு அதைவிட்டால் வேறு உணவு கிடையாது. அதனால் வீட்டுக்கு வீடு மில்க்வீட் நடச் சொல்கிறார்கள். சரி, அது அவர்கள் ஊர்க் கதை. அதைப் படித்துவிட்டு இங்கே ஆன்லைனில் விதை தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: மில்க்வீட் குடும்பத்தின் நம்மூர் வாரிசு ரயில் தண்டவாள ஓரத்திலும், காலி மனையிலும், சுடுகாட்டு வழியிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே நிற்கிறது. எருக்குதான் அது.

வீட்டில் எருக்கு வைக்கப் போகிறேன் என்றால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். பாழடைந்த வீட்டில், இடிந்த சுவரில் முளைக்கிற செடி என்று அதற்கு ஒரு பெயர். அதே பெரியவர்கள் விநாயகர் சதுர்த்தியன்று எருக்கம்பூ மாலைக்குச் சந்தையில் பேரம் பேசுவார்கள். சங்க காலத்தில் காதல் கைகூடாமல் மடலேற, அதாவது பனைமடல் குதிரையில் ஏறி ஊரறியக் காதலைச் சொல்ல, போகிறவன் தலையில் சூடியதும் எருக்கம்பூதான். இந்தச் செடியோடு நமக்கு எப்போதுமே கொஞ்சம் விலகல், கொஞ்சம் உறவு. தோட்டத்தில் வைக்க வேண்டுமானால் தெரிந்துகொள்ள வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

யார் வருவார்கள்

முதல் விருந்தாளி வெந்தய வரியன். ஆரஞ்சும் பழுப்பும் கலந்த சிறகு, முன்சிறகின் நுனியில் கறுப்பு, அதில் வெள்ளைத் திட்டுகள். தரையை ஒட்டி, அவசரமே இல்லாமல் பறக்கும். அந்த நிதானத்துக்குக் காரணம் உண்டு. எருக்கம்பாலில் இதயத்தைத் தாக்கும் நச்சு இருக்கிறது. புழு இலையைத் தின்னும்போது அந்த நச்சில் ஒரு பகுதியைத் தன் உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. அது பட்டாம்பூச்சியான பின்பும் உடம்பில் இருக்கிறது. ஒரு முறை கொத்திப் பார்த்த பறவை அடுத்த முறை அந்த நிறத்தைக் கண்டால் ஒதுங்கிவிடும். நஞ்சே இல்லாத வேறொரு இனத்தின் பெண் பட்டாம்பூச்சி, பார்த்தால் வெந்தய வரியன் என்றே நினைக்கும்படி நிறம் பூண்டு, அந்தப் பயத்தில் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, கருவண்டு. தச்சுத் தேனீ என்றும் சொல்வார்கள். கட்டைவிரல் பருமனில், நீலம் மின்னும் கறுப்பில், ரீங்காரத்தோடு வருமே, அது. பட்டாம்பூச்சிக்கு வேண்டியது எருக்கின் இலை. கருவண்டுக்கு வேண்டியது பூ. ஒரே செடியில் இரண்டு பேருக்கும் வேலை நடப்பதால்தான் சின்னத் தோட்டத்துக்கு எருக்கை முதலாவதாகச் சொல்கிறேன்.

எந்தச் செடி

இளம் ஊதாப் பூ பூக்கும் சாதாரண எருக்கும், வெள்ளைப் பூ பூக்கும் வெள்ளெருக்கும் ஒரே இனம்தான். வெந்தய வரியன் இரண்டிலும் முட்டையிடும். வெள்ளெருக்கு வேரில் பிள்ளையார் செய்வார்கள் என்பதால் நர்சரியில் அதற்குத் தனி விலை. பக்திக்காக வாங்குவதானால் வாங்குங்கள். பட்டாம்பூச்சிக்காக அந்தக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

எருக்கு ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து அகலமாகப் படரும். அவ்வளவு இடம் இல்லாதவர்கள், அடுக்குமாடியில் இருப்பவர்கள், அதே குடும்பத்துக் கொடிகளைப் பார்க்கலாம். உத்தாமணி என்கிற வேலிப்பருத்தி கம்பி வேலியில் தானாக ஏறும். இதய வடிவ இலை, மென்மையான முள் போர்த்திய இரட்டைக் காய். வெந்தய வரியனுக்கு இதுவும் ஆகும். கொடிப்பாலை வைத்தால் நீல வரியன் வரும். நன்னாரியிலும் அரளியிலும் வெண்புள்ளிக் கருப்பன் முட்டையிடும். வீட்டில் ஏற்கெனவே அரளி இருந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள், அனேகமாகக் குடித்தனம் நடந்துகொண்டிருக்கும்.

சில நர்சரிகளில் சிவப்பும் மஞ்சளும் கலந்த கொத்துப் பூவோடு ஒரு சிறு செடியை 'பட்டாம்பூச்சிச் செடி' என்று விற்கிறார்கள். அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த மில்க்வீட். வெந்தய வரியன் அதையும் விரும்பித் தின்னும், மறுக்கவில்லை. ஆனால் அதன் பஞ்சு விதை காற்றில் வெகுதூரம் போகும்; மலைப்பகுதிகளில் ஓடைக்கரையெல்லாம் அது பரவியிருப்பதைப் பார்க்கலாம். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. சமவெளியில் எருக்கு இருக்க அதற்கு அவசியமே இல்லை.

நடுவதற்கு முன்னால், பாலைப் பற்றி

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எருக்கின் எந்தப் பாகத்தைக் கிள்ளினாலும் பால் வடியும். காலில் குத்திய முள்ளை எடுக்க அந்தப் பாலை விட்ட பழக்கம் கிராமத்தில் உண்டு என்பதால் பலருக்கு அதில் பயம் இருப்பதில்லை. தோலில் சிலருக்கு எரிச்சலும் கொப்புளமும் வரும், அதோடு முடிந்துவிடும். கண்ணில் பட்டால்தான் ஆபத்து. விஷயம் என்னவென்றால், பட்டவுடன் பெரிய வலி இருக்காது. வலிக்கவில்லையே என்று துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். சில மணி நேரம் கழித்துப் பார்வை மங்கும், கருவிழி வீங்கியிருக்கும்.

கவாத்து செய்யும்போதும் குச்சி வெட்டும்போதும் ரப்பர் கையுறை, சாதாரணக் கண்ணாடியாவது போட்டுக்கொள்ளுங்கள். வெட்டும் கிளை முகத்துக்கு மேலே இருக்க வேண்டாம். பூஜைக்குப் பூப் பறித்தாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்வரை கண்ணைக் கசக்கக் கூடாது. மீறிப் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது விடாமல் கழுவி, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது எல்லாம் வேண்டாம்.

சின்னக் குழந்தை இருக்கிற வீடு, கண்டதைக் கடிக்கிற நாய்க்குட்டி இருக்கிற வீடு என்றால் செடியைக் கைக்கு எட்டாத மூலையில் வையுங்கள். அப்படி மூலை இல்லையென்றால் எருக்கை விட்டுவிட்டு நன்னாரிக் கொடி வைத்துக்கொள்ளலாம். குறை ஒன்றும் இல்லை.

இடமும் மண்ணும்

முழு வெயில் வேண்டும். அரை நிழலில் செடி நெடுநெடுவென்று வளரும், பூ குறையும். மண் எதுவானாலும் சரி: செம்மண், மணல், கட்டட இடிபாடு கலந்த மேட்டு மண் எல்லாம் ஏற்கும். ஏற்காதது ஒன்றே ஒன்று, தேங்கும் தண்ணீர். மாட்டுத் தொட்டிக்குக் கீழே, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், மழைக்குக் குளமாகிற பள்ளத்தில் வைத்தால் வேர் அழுகிவிடும்.

ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி இது. வைத்த பிறகு இடம் மாற்றுவது நடக்காத காரியம். எனவே முதலிலேயே யோசித்து வையுங்கள். சுவரிலிருந்தும் தண்ணீர்க் குழாயிலிருந்தும் 5 அடி தள்ளி, இரண்டு செடிக்கு நடுவே 5 அல்லது 6 அடி விட்டு. ஒரு செடி மட்டும் இருந்தால் ஒரே சமயத்தில் நிறையப் புழு பிறந்துவிடும்போது மொட்டையாகி நிற்கும். முடிந்தால் மூன்று வையுங்கள்.

மொட்டை மாடியில் வைப்பதானால் 20 லிட்டர் பெயின்ட் வாளி போதும். அடியில் ஐந்தாறு ஓட்டை, அதன் மேல் ஓட்டுச் சில்லு, பிறகு பாதிச் செம்மண், பாதி மணல். தேங்காய் நார்க் கழிவை அதிகம் சேர்த்தால் ஈரம் பிடித்துவைக்கும், அது இதற்கு ஆகாது. மண்புழு உரம் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். உரம் மிஞ்சினால் இலை கொழுத்து, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்குத்தான் கொண்டாட்டம்.

விதையா, குச்சியா

மில்க்வீட் விதையை ஈரத் துணியில் சுற்றிச் சில வாரம் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்லும் அமெரிக்கக் குறிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். பனிக்காலம் கடந்து முளைக்கும் செடிகளுக்கு அது தேவை. எருக்குக்கு அந்த வைத்தியம் கிடையாது. புது விதை, கொஞ்சம் வெப்பம், கொஞ்சம் ஈரம் இருந்தால் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் முளைத்துவிடும்.

கோடையில் எருக்கங்காய் முற்றும். பச்சை மங்கி, காயின் பக்கவாட்டுத் தையல் லேசாக விரியத் தொடங்கும்போது பறிக்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் பஞ்சு பறந்துவிடும்; அதற்குக் காயை முன்கூட்டியே நூலால் கட்டிவைப்பது ஒரு வழி. உள்ளே பழுப்பு நிறத்தில் தட்டையான விதைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றின் தலையிலும் பட்டு இழைக் கற்றை. பஞ்சைப் பிடித்து விதையைத் தனியே உருவிக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் வீட்டில் இருப்பவர்கள் திட்டுவார்கள்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இதற்கும் பொருந்தும். ஆடி, ஆவணியில் போட்டால் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் வேர் இறங்கிவிடும். நேரடியாக மண்ணில் அரை அங்குல ஆழத்தில் இரண்டு மூன்று விதை போட்டு, பிறகு நல்ல கன்று ஒன்றை மட்டும் விடுவதே சுலபம். கவரில் வளர்த்தால் நாலைந்து இலை விட்டதுமே மண் உடையாமல் இறக்கி நட்டுவிடுங்கள். பெரிய கன்றாக்கி நடலாம் என்று காத்திருந்தால் ஆணிவேர் கவருக்குள் சுருண்டுவிடும்.

குச்சியிலும் வரும். பெருவிரல் பருமனுள்ள முற்றிய கிளையில் ஒரு சாண் நீளம் வெட்டி, நுனியில் இரண்டு இலை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். வெட்டுவாயிலிருந்து பால் வடிந்து காய வேண்டும். இரண்டு நாள் நிழலில் கிடக்கட்டும். உடனே நட்டால் அழுகிவிட வாய்ப்பு அதிகம். அப்புறம் மணல் கலந்த மண்ணில் பாதி ஆழம் புதைத்து, மழை நேராகப் படாத இடத்தில் வையுங்கள்.

முதல் சில வாரம் மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள். வேர் பிடித்த பிறகு தரைச் செடிக்குக் கடுங்கோடையில் எப்போதாவது ஒரு வாளி போதும். வாளிச் செடிக்கு வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒரு முறை.

முட்டையிலிருந்து சிறகு வரை

செடி முழங்கால் உயரம் வந்தாலே வெந்தய வரியன் கண்டுபிடித்துவிடும். பெண் பூச்சி இலையில் உட்கார்ந்து காலால் தட்டித் தடவிப் பார்க்கும். சரியான செடிதான் என்று உறுதியானதும் வயிற்றை வளைத்து இலைக்கு அடியில் ஒரே ஒரு முட்டை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போகும். முட்டை வெள்ளையாக, கடுகைவிடச் சிறியதாக, மேலிருந்து கீழாக வரிக்கோடுகளோடு இருக்கும். நல்ல வெயில் காலத்தில் மூன்று நாலு நாளில் பொரியும். வெளியே வரும் புழு முதலில் தின்பது முட்டையோட்டைத்தான்.

அதற்கடுத்து நடப்பதைப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி வாங்கலாம், வீண் போகாது. எருக்கிலையைக் கடித்தால் பால் பீறிடும்; குட்டிப் புழுவின் வாய் அதில் ஒட்டிக்கொண்டால் கதை முடிந்தது. அதனால் அது நேராகத் தின்ன ஆரம்பிப்பதில்லை. முதலில் இலையில் வட்டமாகச் சின்னச் சின்னக் கடி கடித்து, பால் வடிந்து ஓயும்வரை காத்திருந்து, பிறகு அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்து சாப்பிடும். வளர்ந்த புழு இன்னும் கெட்டிக்காரத்தனமாக இலையின் நடுநரம்பையே கடித்துப் பால் வரும் வழியை அடைத்துவிடும். தண்ணீர் காட்டியும் தலை தொங்கி நிற்கிற இலை ஒன்றைக் கண்டால் நோய் என்று நினைத்துப் பறித்துவிடாதீர்கள். காம்புப் பக்கம் பாருங்கள், கடித்த தடம் இருக்கும்.

புழு கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு பளிச்சென்று இருக்கும். முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்புகள். அதில் சுணை இல்லை, தொட்டால் அரிக்காது. இரண்டு வாரம் போல ஓயாமல் தின்று ஒன்றரை அங்குலம் வளர்ந்ததும் திடீரென்று காணாமல் போகும். பல்லி பிடித்திருக்கலாம், பெரும்பாலும் கூடு கட்ட இடம் தேடிப் போயிருக்கும். பக்கத்துச் செடி, ஜன்னல் கம்பி, கொடிக்கயிறு என்று எங்கே வேண்டுமானாலும் தலைகீழாகத் தொங்கும். கூட்டுப்புழு பச்சையாகவோ வெளிர் இளஞ்சிவப்பாகவோ இருக்கும், தங்கப் பொட்டுகளோடு. ஒரு வாரம், பத்து நாளில் கூடு கண்ணாடியாகத் தெளிந்து உள்ளே ஆரஞ்சுச் சிறகு தெரிந்தால் மறுநாள் காலை வெளியே வந்துவிடும். சிறகு விரிந்து காய ஓரிரண்டு மணி நேரம் ஆகும். உதவி செய்கிறேன் என்று கை வைக்காதீர்கள்.

புழுக்களைப் பாட்டிலில் அடைத்து வீட்டுக்குள் வளர்ப்பது இப்போது ஒரு மோகமாகிவிட்டது. குழந்தைக்குக் காட்ட ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. மொத்தமாகச் சேர்த்து வளர்த்தால் நோய் பரவும். சில புழுவைக் குளவி கொண்டு போகும். சிலவற்றின் கூட்டிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் ஈ வெளியே வரும். அவையும் தோட்டத்தின் ஆட்கள்தான்.

இலை ஓட்டையாவதுதான் வேலை

மற்ற செடிக்குச் செய்கிற பண்டுவத்தை இதற்குச் செய்துவிடக் கூடாது என்பதுதான் இந்த வழிகாட்டியில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. ரோஜாவில் இலை ஓட்டையானால் மருந்து தேடுவோம். எருக்கில் இலை முழுசாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். தின்னக் கொடுப்பதற்காகவே வைத்த செடி. புழு மொட்டையடித்தாலும் கொஞ்ச நாளில் துளிர்த்துவிடும்.

ஆகவே பூச்சி மருந்து கூடவே கூடாது. இயற்கை மருந்து என்பதால் வேப்பெண்ணெய் தெளிக்கலாமா என்று கேட்பார்கள். வேப்பெண்ணெய்க்கு அசுவினி வேறு, வெந்தய வரியன் புழு வேறு என்று தெரியாது. பக்கத்துக் கத்தரிக்குத் தெளிப்பதானாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நர்சரியில் வாங்கிய கன்றில் ஏற்கெனவே மருந்து இருக்கலாம். வாங்கி வந்த இலையை உதிர்த்துவிட்டு, புதுத் துளிர் வந்த பிறகு அதை மற்ற செடிகளோடு சேர்த்து வைப்பது நல்லது.

அசுவினி வரும், மஞ்சள் உடம்பும் கறுப்புக் காலுமாகத் துளிரில் அப்பிக்கொண்டு. முதலில் அந்த இலையில் முட்டை, சின்னப் புழு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும். பொறிவண்டு வந்துவிட்டால் அதுவும் தேவையில்லை. எறும்பு வரிசையைக் கவனியுங்கள். அசுவினியைக் காவல் காக்கிற எறும்பு, பட்டாம்பூச்சி முட்டையையும் விட்டுவைக்காது.

மஞ்சளும் நீலமுமாக வண்ணம் தீட்டிய வெட்டுக்கிளி வந்து இலையைக் கரகரவென்று தின்றால் பயப்பட வேண்டாம். அது எருக்கையே நம்பி வாழ்கிற இனம். பார்க்க அழகு, கையில் பிடித்தால் நஞ்சு கலந்த நீரைப் பீய்ச்சும். ஒன்றிரண்டு இருக்கட்டும், கூட்டமாகச் சேர்ந்தால் குச்சியால் தட்டி வேலிக்கு அந்தப் பக்கம் விடுங்கள்.

பூவும் கருவண்டும்

எருக்கம்பூவின் மகரந்தம் தூளாக இருக்காது. இரண்டு சிறு மெழுகுப் பொட்டலங்களாக, நடுவில் ஒரு கவ்வியோடு பூவின் பக்கவாட்டுப் பிளவுக்குள் ஒளிந்திருக்கும். தேனுக்கு வந்த வண்டின் கால் பிளவில் வழுக்கி விழும். இழுக்கும்போது கவ்வி காலில் மாட்டிக்கொள்ள, பொட்டலம் இரண்டும் கூடவே வரும். அடுத்த பூவின் பிளவில் அது சரியாகப் போய்ச் சொருகினால்தான் காய். காலை இழுத்து உருவப் பலம் வேண்டும், அது கருவண்டுக்கு இருக்கிறது. இவ்வளவு பூத்தும் செடியில் காய் குறைவாக இருப்பதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம்.

கருவண்டு தங்கினால் காய்கறிக்கும் லாபம். கத்தரிப் பூவை அதிர வைத்து மகரந்தம் உதிர்க்க அதற்குத் தெரியும்; துவரைப் பூவுக்கும் வரும். அது கூடு குடைய ஒரு காய்ந்த கட்டையோ, முனை திறந்த மூங்கில் கழியோ மழைபடாத இடத்தில் கிடைமட்டமாகக் கட்டிவையுங்கள். உத்தரத்தைத் துளைத்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் மரத்துக்குப் பெயின்ட் அடித்துவிட்டு மூங்கிலைத் தொங்கவிட்டால் போதும். முகத்துக்கு நேரே வந்து மிரட்டுவது ஆண் வண்டு. அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண் வண்டு கையில் பிடித்தால் ஒழியக் கொட்டாது.

வெந்தய வரியனுக்குத் தேன் தர வேறு பூவும் வேண்டும். கிணற்றடிப்பூண்டைக் களை என்று பிடுங்காமல் ஓரமாக விடுங்கள். செண்டுமல்லி, வெட்சி போதும். உண்ணிச்செடியை மட்டும் கொண்டுவராதீர்கள், காட்டை விழுங்கிய செடி அது. இடம் இருந்தால் கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் ஒவ்வொன்று. வரியன்களின் ஆண் பூச்சிகள் இவற்றின் காய்ந்த இலை, தண்டைச் சுரண்டி ஒரு வேதிப்பொருளை எடுத்துக்கொள்ளும்; பெண்ணைக் கவரும் வாசனையை அதிலிருந்துதான் தயாரிக்கின்றன. மழைக்காலங்களை ஒட்டிக் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே நீல வரியன்களும் கருப்பன்களும் கூட்டமாக வலசை போகும்போது, வழியில் ஒரு கிலுகிலுப்பைப் புதர் இருந்தால் அதில் கொத்துக் கொத்தாகத் தொங்குவதைப் பார்க்கலாம்.

கவாத்து

வருடத்துக்கு ஒரு முறை, மழை தொடங்குவதற்கு முன், தரையிலிருந்து ஓரடி ஒன்றரை அடி விட்டு வெட்டுங்கள். மூன்று செடியையும் ஒரே நாளில் வெட்ட வேண்டாம். ஒன்று துளிர்த்த பிறகு அடுத்தது. வெட்டும் முன் ஒவ்வொரு இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள், புழு இருந்தால் அந்த இலையோடு வெட்டி அடுத்த செடியில் செருகிவிடலாம். இளந்துளிரில்தான் முட்டை அதிகம் விழும் என்பதால் கவாத்து பட்டாம்பூச்சிக்கும் நல்லது. வெட்டிய தழையை எரிக்காதீர்கள். வயலுக்குத் தழையுரமாகக் காலங்காலமாக மிதித்த இலைதான், மரத்தடியில் மூடாக்காகப் போடலாம்.

காய்களில் விதைக்கு ஒன்றிரண்டு விட்டு மற்றதைப் பச்சையிலேயே அறுத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த மழைக்கு மாடிச் சுவர் விரிசலில் முளைத்து நிற்கும், கையால் பிடுங்கினால் மேல்பாதி மட்டும் கையோடு வரும். அப்படி முளைத்ததை இரண்டு இலைப் பருவத்திலேயே ஈரம் காயும் முன் வேரோடு எடுத்துவிடுவது நல்லது. கேட்கிறவர்களுக்குக் கவரில் போட்டுக் கொடுத்துவிடலாம்.